காபி நாற்றுப் பையில் பூஞ்சைக்கும் இடம் வேண்டும்

ஒரே மரத்து விதை, ஒரே மண் கலவை, ஒரே நிழல். இருந்தும் நாற்றங்காலில் ஒரு பக்கத்துக் காபி நாற்றுகள் ஆறாவது ஜோடி இலை விட்டிருக்கும், இன்னொரு பக்கத்து நாற்றுகள் மூன்றாவது ஜோடியிலேயே நின்றுபோயிருக்கும். நின்றுபோன நாற்றுகளின் இலை சிறுத்து, கருத்த பச்சையாக இருக்கும். நோய் என்று சொல்லப் புள்ளியும் இல்லை, புழுவும் இல்லை. இப்படி ஒரு வரிசையைப் பார்த்ததும் பெரும்பாலோருக்குக் கை உர மூட்டைக்குத்தான் போகும். மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறை என்று தெரிகிறது, மணிச்சத்தைக் கொடுப்போம் என்பது கணக்கு. கொடுத்தால் நாற்று ஓரளவு தேறவும் செய்யும். ஆனால் அந்தப் பையில் உண்மையில் எது குறைந்தது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. மண்ணில் சத்து இருந்தும் அதை வேருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பூஞ்சை அங்கே இல்லாமல் போயிருக்கலாம்.

இது வெறும் ஊகம் இல்லை. காபிக்கு வெளியே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆரஞ்சு, எலுமிச்சை வகை நாற்றங்கால்களில் நோய்க்கிருமிகளை ஒழிக்க மண்ணுக்குள் நச்சுவாயு செலுத்துவது வழக்கமாக இருந்தது. கிருமி ஒழிந்தது, ஆனால் நாற்றுகள் குட்டையாகவே நின்றன. மண்ணில் நச்சு மிச்சம் இருக்கிறதோ என்று சந்தேகித்தார்கள். 1972-இல் கிளைன்ஷ்மிட், கெர்டமான் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு காரணத்தைச் சொன்னது: வாயு செலுத்தியபோது கிருமிகளோடு சேர்ந்து வேருக்கு உதவும் பூஞ்சையும் செத்துவிட்டது. அந்தப் பூஞ்சையைத் திரும்ப மண்ணில் சேர்த்தபோது நாற்று வளர்ந்தது. காபி நாற்றங்காலில் மண்ணைச் சூடாக்கிச் சுத்தம் செய்பவர்களும், மண்ணே இல்லாமல் தென்னை நார்க்கழிவில் நாற்று வளர்ப்பவர்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கதை இது.

அந்தப் பூஞ்சைக்குத் தமிழில் வேர் உட்பூசணம் என்று பெயர். உயிர் உரப் பாக்கெட்டுகளில் 'வேம்' என்றும், மைக்கோரைசா என்றும் போட்டிருக்கும். பூஞ்சையும் வேரும் சேர்ந்து வாழும் இந்த உறவுக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க், ஆண்டு 1885. உறவு அதைவிட எவ்வளவோ பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தப் பூஞ்சையின் அடையாளம் இருக்கிறது. தாவரங்கள் நிலத்தில் கால் வைத்த காலத்திலிருந்து கூடவே வருகிறது என்று சொல்லலாம். காடுகளின் கீழடுக்கில், மட்கிய இலைகளுக்கு நடுவே தோன்றிய செடி காபி. அதன் இளம் வேர் இந்தக் கூட்டுவாழ்வை நம்பியே வளர்ந்து பழகியது.

எதற்காக நம்புகிறது? இங்கே மணிச்சத்தின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு சுலபமாக நகரும். மணிச்சத்து அப்படி நகராது. காபி விரும்பும் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு உள்ள மணிச்சத்தை எடுத்துவிட்டால், அந்த இடம் காலி. பக்கத்து மண்ணிலிருந்து அது வந்து நிரம்புவதற்கு ரொம்ப நாள் ஆகும். பூஞ்சையின் இழை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த பருமன் கொண்டது. வேர்த்தூவி நுழைய முடியாத மண் இடுக்கில்கூட அது நுழையும். காலியான அந்த வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய், அங்கிருக்கும் மணிச்சத்தை எடுத்து வேருக்குள் கொண்டுவந்து இறக்கும். துத்தநாகம், தாமிரம் போன்ற நகராத சத்துகளும் இதே வழியில் வருகின்றன.

வேருக்குள் நடப்பது இன்னும் அழகான விஷயம். இழை வேரின் புறணிச் செல்லுக்குள் புகுந்து, மரக்கிளை பிரிவதுபோல நுணுக்கமாகப் பிரிந்து அந்தச் செல்லையே நிரப்பிவிடும். கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்தக் கிளைகளின் பரப்பில்தான். ஒவ்வொரு கிளைக்கட்டும் சில நாள்தான் உயிரோடு இருக்கும், அப்புறம் சிதைந்துபோகும். வேரின் இன்னொரு செல்லில் புதிது உருவாகும். அதாவது செடி விரும்பும்வரைதான் இந்த உறவு. செடி இதற்குக் கொடுக்கும் விலையும் சின்னதில்லை. இலை தயாரிக்கும் உணவில் ஏறத்தாழ 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போவதாக மதிப்பிடுகிறார்கள். சர்க்கரை மட்டும் போகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். கொழுப்பு அமிலங்களையும் செடியிடமிருந்தே இந்தப் பூஞ்சை வாங்குகிறது என்பதை 2017-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. உயிருள்ள வேர் இல்லாமல் அது தன் வாழ்க்கையை முடிக்க முடியாமல் தவிப்பதன் காரணமும் அதோடு விளங்கியது.

இவ்வளவு விலை கொடுக்கும் செடி, தேவை இல்லாதபோது சும்மா கொடுக்குமா? கொடுக்காது. மணிச்சத்துப் பசி வந்தால்தான் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்ததும் பூஞ்சை இழை வேருக்குப் பக்கத்தில் கிளைவிடத் தொடங்குகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். பையில் மணிச்சத்து வழிய வழிய இருந்தால் இந்த அழைப்பே போகாது. உள்ளே வந்த பூஞ்சைக்கும் செடி இடத்தைக் குறைத்துவிடும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். வழக்கமான அளவில் மணிச்சத்து உரங்களான டிஏபியையும் சூப்பர் பாஸ்பேட்டையும் கலவையில் கொட்டிவிட்டு, கூடவே வேர் உட்பூசணமும் போட்டால், காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே முடக்குகிறோம். பூஞ்சையைப் பழைய முறையோடு சேர்க்கும் இன்னொரு இடுபொருளாகப் பார்க்கும்வரை பலன் கிடைக்காது. அது வாழும்படி நாற்றங்கால் முறை மாற வேண்டும். பிரேசிலில் காபி நாற்றில் இந்தப் பூஞ்சையை ஆராய்ந்தவர்கள் சூப்பர் பாஸ்பேட் அளவையும் சேர்த்தே ஆராய்ந்தது இதனால்தான். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பேச முடியாது.

மணிச்சத்தே கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. மண் பரிசோதனை செய்து, மிகக் குறைவு என்றால் கொஞ்சம் கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு மெதுவாகக் கரையும் ராக் பாஸ்பேட் பொருத்தம். புளிப்பு மண்ணில் அது தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், வேரின் பசியையும் முழுதாக அடக்கிவிடாது. தழைச்சத்தை வழக்கம்போலக் கொடுக்கலாம். அதைக் குறைத்தால் இலையில் பழுப்புக் கண் புள்ளி நோய் கூடும். அந்தக் குறையைப் பூஞ்சை தீர்க்காது.

சரி, இந்தப் பூஞ்சையை எங்கிருந்து எடுப்பது? பழைய பதில்: காட்டு மண். நெடுங்காலமாக நிழல்மரங்களின் அடியில் கிடக்கும் மேல்மண்ணை அள்ளிவந்து, மட்கிய சாண எருவும் மணலும் கலந்து பை நிரப்புவது பல இடங்களில் பழக்கம். நல்ல மேல்மண்ணில் பூஞ்சை வித்தும் (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்), பூஞ்சை குடியிருந்த வேர்த்துண்டும் தானாகவே இருக்கும். தெரியாமலேயே முன்னோர் பூஞ்சை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே மண்ணில் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவும் வரும், தண்டடியை அழுகவைக்கும் ரைசோக்டோனியா என்ற கெட்ட பூஞ்சையும் வரும். வேர்முடிச்சு நூற்புழுவைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மெலாய்டோகைன் என்ற அதன் பேரினத்துக்குப் பெயர் சூட்டியதே பிரேசிலின் சீக்குப் பிடித்த காபி வேர்களை ஆராய்ந்த கோல்டி என்ற விலங்கியலாளர்தான். நாற்றுப் பையோடு தோட்டத்துக்குள் புகுந்துவிட்டால், அந்த மரம் உள்ளவரை அது போகாது.

அதனால் மண்ணைச் சுத்தம் செய்யவேண்டிய கட்டாயம் வருகிறது. ஈரமண்ணைத் தெளிந்த பிளாஸ்டிக் தாளால் மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் வைத்தால் பெரும்பகுதிக் கிருமி சாகும். நீராவி பாய்ச்சினால் இன்னும் சீக்கிரம் முடியும். எந்த முறையானாலும் நல்ல பூஞ்சைக்கும் அடி விழும். என் கருத்தில் கவலைக்குரியது சுத்தம் செய்வது இல்லை, சுத்தம் செய்தபின் நல்லதைத் திரும்பக் கொடுக்காமல் விடுவதுதான். வெறுமையான மண்ணில் முதலில் வருபவர்களுக்கே இடம். நாம் நல்லதைப் போடாவிட்டால், பாசனத் தண்ணீரிலும் செருப்பிலும் ஒட்டிவரும் கெட்டது அந்த இடத்தைப் பிடிக்கும்.

வேர் உட்பூசணத்தை ஆய்வகத் தட்டில் மட்டும் வளர்க்க முடியாது என்பதால், அதைப் பெருக்க ஒரு செடி தேவை. சுத்தம் செய்த மணலை ஒரு தொட்டியில் நிரப்பி, தொடக்க வித்தைக் கொஞ்சம் போட்டு, மேலே சோளம் அல்லது ஒரு புல் வகையை விதைப்பார்கள். உரம் குறைவாகவே கொடுப்பார்கள். மூன்று நான்கு மாதம் வளர்ந்தபின் தண்ணீரை நிறுத்தி, செடி காய்ந்ததும் வேரை நறுக்கி அந்த மணலோடு கலந்தால் அதுவே இடுபொருள். நாற்றங்கால்காரர் தானே செய்துகொள்ளக்கூடிய வேலைதான் இது. இரண்டு எச்சரிக்கை மட்டும். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பச் செடிகளில் இந்தப் பூஞ்சை குடியேறாது, அவற்றை வைத்துப் பெருக்க முயல வேண்டாம். அடுத்தது, நூற்புழு உள்ள தோட்டத்து மண்ணைத் தொடக்க வித்தாக எடுத்தால், பூஞ்சையோடு சேர்த்து நூற்புழுவையும் பெருக்கிவிடுவோம். வேரை நறுக்கும் முன் தண்ணீரில் அலசி முடிச்சு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தத் தொட்டியை முழுதாகக் கழித்துவிடுங்கள், பாதியைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

போடும் நேரமும் இடமும் அளவைவிட முக்கியம். காபி விதை முளைக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், குளிரில் இன்னும் கூடும். முதலில் தண்டு நிமிர்ந்து, உச்சியில் விதையைச் சுமந்தபடி நிற்கும். அப்புறம் தோல் கழன்று இரண்டு வட்ட வித்திலைகள் விரியும். இந்த இரண்டு நிலையில் ஏதோ ஒன்றில்தான் விதைப்பாத்தியிலிருந்து பிடுங்கிப் பையில் நடுவது வழக்கம். பூஞ்சை கொடுக்கச் சரியான தருணம் அதுதான். பையின் நடுவில் குச்சியால் குழி போட்டு, அதன் அடியிலும் பக்கத்திலும் இடுபொருளைத் தூவி, ஆணிவேர் அதன் ஊடே இறங்கும்படி நட வேண்டும். புதிதாக வரும் பக்க வேர் ஒவ்வொன்றும் வித்தைத் தொட்டே வளரும். மேலே தூவித் தண்ணீர் ஊற்றினால் வித்து வேர் இருக்கும் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. நடும்போது ஆணிவேர் வளைந்த நாற்றை ஒதுக்கிவிடுங்கள். வளைந்த வேருக்கு எந்தப் பூஞ்சையாலும் உதவ முடியாது.

இரண்டாவது பூஞ்சை டிரைக்கோடெர்மா. இதன் வேலையே வேறு. வேருக்குள் குடியிருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இதற்குக் கிடையாது. மட்கிய பொருளில் தானாகவே வாழும், தட்டிலும் வளரும், அதனால் விலை குறைவு, சுலபமாகக் கிடைக்கும். ரைசோக்டோனியாவின் இழையைச் சுற்றிப் படர்ந்து, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். இதை 1932-இலேயே வெய்ண்ட்லிங் என்ற ஆய்வாளர் எழுதிவைத்தார். காபி நாற்றங்காலில் தண்டடி பழுப்பேறி, சுருங்கி, நாற்று சாய்ந்து விழும் நாற்றழுகலுக்கு முக்கியக் காரணம் அதே ரைசோக்டோனியாதான். எனவே விதைப்பாத்தியிலேயே டிரைக்கோடெர்மாவைத் தொடங்கிவிடுவது நல்லது.

இதை அப்படியே பொடியாகத் தூவுவதைவிட எருவில் பெருக்கிப் போடுவது பலமடங்கு மேல். நன்றாக மட்கி, சூடு முழுதும் அடங்கிய எருவில் பொடியைக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரத்தோடு, நிழலில் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். இடையில் ஒன்றிரண்டு தடவை கிளறிவிட்டால் போதும். இரண்டு வாரத்தில் எருவின் மேல் வெள்ளையாகப் படர்ந்து, அங்கங்கே பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சைதான் வித்து. பச்சைச் சாணத்தில் கலந்தால் அது மட்கும்போது எழும் சூட்டிலேயே போய்விடும்.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் டிரைக்கோடெர்மாவின் சில வகைகள் வேர் உட்பூசணத்தின் இழைக்குள்ளும் புகுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். விதைப்பாத்தியில் டிரைக்கோடெர்மா, பையில் நடும்போது வேர் உட்பூசணம், அது வேரில் பிடித்துக்கொள்ளச் சில வாரம் விட்டு மறுபடி டிரைக்கோடெர்மா எரு என்று பிரித்துக் கொடுத்தால் இந்தச் சிக்கலுக்கு இடமில்லை.

நாற்றங்காலில் இவை சாவதற்கு முக்கியக் காரணம் பூஞ்சைக்கொல்லி. நாற்றழுகல் என்றதும் கார்பென்டசிம் கரைத்து ஊற்றுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அது கெட்ட பூஞ்சை, நல்ல பூஞ்சை என்று பார்க்காது. டிரைக்கோடெர்மாவை ஒடுக்கும், வேர் உட்பூசணத்தையும் தடுக்கும். தாமிர மருந்தை இலையில் அளவாகத் தெளித்தால் பாதகம் குறைவு. திரும்பத் திரும்பத் தெளித்து மண்ணில் சேரவிட்டால் அதுவும் கெடுதல்தான். நாற்றழுகலின் பெரும்பகுதியைத் தண்ணீரைக் குறைத்தே நிறுத்திவிடலாம். பையின் மேல்மண் லேசாக உலர்ந்தபின் ஊற்றுவது, அடித்துளைகள் அடைபடாமல் வைப்பது, சாய்ந்த நாற்றை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துவது. தண்ணீர் தேங்கும் பாத்தியில் டிரைக்கோடெர்மாவும் தோற்றுத்தான் போகும். நிழலையும் கவனிக்க வேண்டும். அடர் நிழலில் இலை தயாரிக்கும் உணவு செடிக்கே போதாது, பூஞ்சைக்கு என்ன மிஞ்சும்? நாற்று வளர வளர நிழலைப் படிப்படியாகக் குறைப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

கடையில் வாங்குவதாக இருந்தால் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். வேர் உட்பூசணம் என்று விற்கும் பொருட்களில் உயிருள்ள வித்து இல்லாதவை பல என்று பல நாடுகளில் சுதந்திரமாக நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. பாக்கெட்டில் பூஞ்சை இனத்தின் பெயர், கிராமுக்கு எத்தனை வித்து, தயாரித்த தேதி, காலாவதித் தேதி இவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வெயிலில் அடுக்கிவைத்த பாக்கெட்டையும் விட்டுவிடுங்கள். வேர் வளர்ச்சி அபாரம் என்று விளம்பரப்படுத்தும் சில கலவைகளில் கரையும் உரமும் சேர்ந்தே இருக்கும். நாற்று பச்சைபிடித்தால் அது பூஞ்சையின் வேலையா, உரத்தின் வேலையா என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போகும்.

பூஞ்சை பிடித்ததா என்று வேரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. நாற்றின் மெல்லிய வேர்களை நறுக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி நிறம் நீக்கி, கழுவி, வினிகரில் கலந்த பேனா மையில் சில நிமிடம் கொதிக்கவைத்தால், பூஞ்சை மட்டும் நிறம் ஏறி நிற்கும். 1998-இல் வெளியான எளிய முறை இது. பள்ளிக்கூட நுண்ணோக்கியே போதும். இழைகள் வேரின் நீளவாக்கில் ஓடுவதும், நடுநடுவே உருண்டைப் பைகள் உப்பியிருப்பதும், செல்லுக்குள் நுண்கிளைகள் அடர்ந்திருப்பதும் தெரியும். வேளாண் கல்லூரி பக்கத்தில் இருந்தால் மாணவர்களே ஆர்வமாகச் செய்து கொடுப்பார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். இலைத்துரு நோயை இந்தப் பூஞ்சைகள் நிறுத்தாது. மணிச்சத்து ஏற்கெனவே நிறைந்த மண்ணிலும், நல்ல பூஞ்சை ஏற்கெனவே குடியிருக்கும் மண்ணிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுத்தம் செய்த மண்ணில், சத்துக் குறைந்த மண்ணில், மண்ணில்லாக் கலவையில்தான் பலன் பளிச்சென்று தெரியும். நூற்புழுத் தாக்குதலையும் பூஞ்சை முன்கூட்டியே வேரில் இடம் பிடித்திருந்தால் நாற்று ஓரளவு தாங்கும், புழு புகுந்தபின் போட்டால் பயன் குறைவு.

அதனால் முதல் பருவத்திலேயே எல்லாப் பைக்கும் போட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் நட்ட, ஒரே விதைத் தொகுதி நாற்றுகளில் ஒரு வரிசைக்குப் பூஞ்சை, ஒரு வரிசைக்குப் பூஞ்சையும் பாதி மணிச்சத்தும், ஒரு வரிசைக்குப் பழைய முறை என்று பிரித்து, கலந்து அடுக்குங்கள். ஓரத்தில் வெயில் படும் வரிசையை மட்டும் பூஞ்சைக்குக் கொடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். உயரத்தை மட்டும் அளக்க வேண்டாம், உயரம் ஏமாற்றும். தண்டடியின் பருமன், இலை ஜோடி எண்ணிக்கை, சில நாற்றுகளைப் பிரித்துப் பார்த்தால் தெரியும் பக்க வேர்களின் அடர்த்தி, செத்த நாற்று எத்தனை என்ற கணக்கு, இந்த நான்கும் போதும்.

தோட்டத்தில் நடும் நாளிலும் ஒரு தவறு நடக்கிறது. பையில் மாதக்கணக்காகப் பூஞ்சையோடு வளர்த்த நாற்றைக் குழியில் இறக்கி, வேரின் மேலேயே கைப்பிடி சூப்பர் பாஸ்பேட்டைப் போட்டுவிடுகிறார்கள். குழிக்கு உரம் தேவையென்றால் நடுவதற்கு முன்பே மண்ணோடு கலந்துவிட வேண்டும், வேரைத் தொடக்கூடாது. பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உதிராமல் பார்த்துக்கொண்டு, அடியில் சுருண்ட வேரை மட்டும் வெட்டி, நட்டதும் சருகால் மூடிவிட்டால், பையிலிருந்த இழைகள் குழி மண்ணுக்குள் பரவத் தொடங்கும்.